மூடியே இருக்க வேண்டிய வால்வு: ஆயில் ஃபில்டர் ஹவுசிங்கின் வடிகால் பற்றி ஓர் எளிய அறிமுகம்

புதுவயல் பக்கம் அரிசி ஆலைகளில் நிற்கிற பெரிய டீசல் ஜெனரேட்டர்களுக்கு ஆயில் ஃபில்டர் மாற்றும்போது பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். மூடியைத் திருகிக் கழற்றும் நேரத்தில் உள்ளே நிற்கிற எண்ணெய் இன்ஜின் மேலேயும் கை மேலேயும் வழியும். கீழே சட்டி வைத்தாலும் பாதிதான் அதில் விழும். மீதி உமித்தூசியோடு சேர்ந்து கறுப்புப் பசையாக ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஒரு நாள் உண்மையாகவே எங்காவது கசிந்தால், எது புதுக் கசிவு, எது பழைய அழுக்கு என்று பிரித்துப் பார்க்க முடியாது.

ஃபில்டரைத் திறப்பதற்கு முன்பே அந்த எண்ணெயை அடியிலிருந்து வடித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. அதற்கு ஹவுசிங்கின், அதாவது ஃபில்டர் உட்கார்ந்திருக்கும் கூட்டின், அடியில் ஒரு வால்வு வேண்டும். ஒரு துளை, அதற்கு ஓர் அடைப்பான், அவ்வளவுதானே என்று தோன்றும். காரைக்குடியில் மெக்கானிக்கல் படிக்கிற பிள்ளைகள் புராஜெக்டுக்கு எடுத்துக்கொள்ளத் தோதான சின்ன வேலைதான். ஆனால் பலரும் இதை எப்படித் திறப்பது என்ற கேள்வியிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். 250 மணி நேரத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்றும் ஜெனரேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வால்வு 5 நிமிடம் திறந்திருக்கும், 250 மணி நேரம் மூடியிருக்கும். மூவாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் திறப்பு. மீதி நேரமெல்லாம் சூட்டிலும் அதிர்விலும் அழுத்தத்திலும் ஒரு சொட்டு விடாமல் மூடி இருப்பதுதான் அதன் உண்மையான வேலை. வடிவமைப்பில் எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் இந்த ஒரு கேள்வியால் சோதிக்கலாம்: ஏதாவது கெட்டுப்போனால் வால்வு மூடும் பக்கம் சாயுமா, திறக்கும் பக்கம் சாயுமா?

முதலில் ஹவுசிங்கைப் பார்ப்போம். தகர டப்பாவோடு முழுதாகத் திருகிக் கழற்றித் தூக்கிப் போடும் ஃபில்டர் ஒரு வகை. உறுதியான கூடு இன்ஜினோடு நிலையாக இருக்க, உள்ளே எண்ணெயை வடிகட்டும் காகித எலிமென்டை மட்டும் மாற்றுவது இன்னொரு வகை. நம் பேச்சு இரண்டாவதைப் பற்றி. கூடு பெரும்பாலும் அலுமினிய வார்ப்பு. எண்ணெய் எலிமென்டின் வெளிப்பக்கம் வந்து, காகிதத்தைக் கடந்து, நடுக்குழாய் வழியாக இன்ஜினுக்குப் போகும். ஆகவே கூட்டுக்கும் எலிமென்டுக்கும் இடையில் நிற்பது அழுக்கு எண்ணெய், நடுவில் இருப்பது சுத்தமான எண்ணெய். இது பின்னால் தேவைப்படும்.

இந்த அமைப்பில் ஏற்கெனவே வேறு இரண்டு வால்வுகள் இருக்கும். புதிதாகப் படிப்பவர்கள் மூன்றையும் குழப்பிக்கொள்வது வழக்கம். காகிதம் அடைத்துப்போனால் இன்ஜின் பட்டினி கிடக்காமல் எண்ணெயைச் சுற்று வழியில் விடுவது பைபாஸ் வால்வு. பெரும்பாலும் 1 முதல் 2.5 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) வரையான அழுத்த வித்தியாசத்தில் அது திறக்கும். இன்ஜின் நின்றபின் ஃபில்டரிலிருக்கும் எண்ணெய் சம்புக்கு, அதாவது இன்ஜின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டிக்கு, இறங்கிவிடாமல் பிடித்து வைப்பது பின்னோட்டத் தடுப்பு வால்வு. அது சரியாக இருந்தால் அடுத்த ஸ்டார்ட்டில் பேரிங் வறண்டு ஓடாது. இந்த இரண்டும் தாமாகவே இயங்குபவை. வடிகால் வால்வு மட்டும்தான் ஆள் கேட்கும்போது திறந்து, மற்ற நேரமெல்லாம் அங்கே ஒரு துளை இருப்பதே தெரியாதபடி இருக்க வேண்டும்.

ஒரு சின்ன இடைவெளி என்ன செய்யும்?

ஓடும் இன்ஜினில் எண்ணெய் அழுத்தம் பொதுவாக 3 முதல் 5 பார். எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருக்கும் விடிகாலை ஸ்டார்ட்டில் கொஞ்ச நேரத்துக்கு 10 பார் வரைகூட எகிறலாம். 4 பார் அழுத்தத்தில் 1 சதுர மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், அதாவது குண்டூசித் தலை அளவுகூட இல்லாத ஓட்டை, நிமிடத்துக்குச் சுமார் 1 லிட்டர் எண்ணெயை வெளியே தள்ளும். சின்னக் காரில் மொத்தமே 4 லிட்டர் அளவில்தான் இருக்கும். காரைக்குடியில் கிளம்பிய வண்டி தேவகோட்டை போய்ச் சேராது.

வெளியே கசிந்தாலாவது கண்ணுக்குத் தெரியும். சில ஹவுசிங்குகளில் வடிகால் வெளியே திறக்காமல் உள்ளுக்குள்ளேயே சம்புக்குப் போகும். அந்த வழி சரியாக மூடாவிட்டால் தரையில் ஒரு சொட்டு இருக்காது. டிப்ஸ்டிக்கில் மட்டமும் குறையாது. “அண்ணே, ஆயில் கரெக்டா இருக்கு, ஆனா ஐடிலிங்ல ஆயில் பிரஷர் லைட் எரியுது” என்று டிரைவர் வந்து நிற்பார். பம்ப் போய்விட்டது என்று பம்பை மாற்றுவார்கள், பேரிங் தேய்ந்துவிட்டது என்று இன்ஜினைப் பிரிப்பார்கள். குற்றவாளி ஃபில்டர் அடியில் உட்கார்ந்திருக்கும்.

அழுத்தமே மூடட்டும்

அழுத்தத்தை எதிர்த்து மூடுவதா, அழுத்தத்தைக் கொண்டே மூடுவதா? இந்த ஒரு முடிவுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இதற்கு விடை நம் ஊர்க் கண்மாய் மடையிலேயே இருக்கிறது. பழைய மடைகளில் அடைப்பான் தண்ணீர் இருக்கும் பக்கத்திலிருந்து துளையின் மேல் அமர்ந்திருக்கும். கண்மாய் நிறைய நிறைய, தண்ணீரே அதை இன்னும் அழுத்தி மூடும். திறக்க வேண்டுமென்றால் மேலிருந்து தூக்கத்தான் வேண்டும். அதே அடைப்பானை வெளிப்பக்கத்திலிருந்து முட்டுக் கொடுத்து வைத்திருந்தால், பெருமழை பெய்யும் இரவில்தான் அது பிடுங்கிக்கொண்டு போகும், அதாவது எப்போது நிற்க வேண்டுமோ அப்போது.

எண்ணெய் வால்விலும் இதே கணக்குத்தான். 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளையின் பரப்பு சுமார் 50 சதுர மில்லிமீட்டர். 10 பார் அழுத்தத்தில் அதன் மேல் விழும் விசை 50 நியூட்டன், நம் பேச்சில் 5 கிலோ. அடைப்பான் வெளிப்பக்கம் திறக்கும்படி இருந்தால், ஸ்பிரிங் இந்த 5 கிலோவையும் தாங்கி, மேலே பாதுகாப்புக்கும் கொஞ்சம் வைத்து, 7 அல்லது 8 கிலோ தள்ள வேண்டும். வருடக்கணக்கான சூட்டில் ஸ்பிரிங் கொஞ்சம் தளரும். தளர்ந்தால் கசியும். உடைந்தால் கேட்கவே வேண்டாம்.

அடைப்பானைத் திருப்பிப் போடுங்கள். ஹவுசிங்கின் உட்புறமிருந்து துளையின் மேல் அமரட்டும், திறப்பதற்கு மேல்நோக்கி உள்ளே தள்ள வேண்டும் என்று வையுங்கள். இப்போது அந்த 5 கிலோ நமக்காக வேலை செய்கிறது. ஸ்பிரிங்குக்கு மிச்சமிருப்பது இன்ஜின் நிற்கும்போது அடைப்பானை இடத்தில் வைத்திருப்பதும், அதிர்வில் அது துள்ளாமல் பார்த்துக்கொள்வதும்தான். 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் எண்ணெயின் அழுத்தம் இந்தத் துளையில் ஒரு நியூட்டனில் இருபதில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. 5 கிராம் எடையுள்ள அடைப்பானைப் புவியீர்ப்பைப் போல 20 மடங்கு முடுக்கத்தில் உலுக்கினாலும் தேவைப்படும் விசை 1 நியூட்டன்தான். ஆக, 4 அல்லது 5 நியூட்டன் ஸ்பிரிங் தாராளம். வால்வு அடியில் இருப்பதால் அடைப்பானின் எடையும் மூடும் பக்கமே இழுக்கிறது. ஸ்பிரிங் உடைந்தே போனாலும் எடையும் அழுத்தமும் சேர்ந்து மூடிவிடும்.

இப்படிப்பட்ட அடைப்பானைத்தான் பாப்பெட் என்கிறோம். அதை எவ்வளவு தூக்கினால் போதும் என்பதற்கு ஒரு நல்ல விதி உண்டு: துளையின் விட்டத்தில் கால் பங்கு. 8 மில்லிமீட்டர் துளைக்கு 2 மில்லிமீட்டர் தூக்கினாலே பக்கவாட்டு வழியின் பரப்பும் துளையின் பரப்பும் சமமாகிவிடும். எண்ணெய் தண்ணீரைவிடக் கெட்டி, ஆகவே 3 வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் தூக்குவதால் லாபமில்லை.

திறப்பதற்கு நடுவில் ஊசி வைத்த ஒரு ஹோஸ் நிப்பிளைச் செய்துகொள்ளலாம். கீழிருந்து அதைத் திருகினால் ஊசி பாப்பெட்டைத் தூக்கும், எண்ணெய் ஹோஸ் வழியாக நேராகக் கேனுக்குப் போகும். நிப்பிளைக் கழற்றினால் தானாக மூடிக்கொள்ளும். டொயோட்டாவின் சில இன்ஜின்களில் ஃபில்டர் மூடியின் அடியில் இதே கருத்தில் ஒரு வால்வு இருக்கிறது. சின்னப் போல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு பிளாஸ்டிக் குழாயைத் தள்ளினால் வடியும்.

பட்டறைகளில் உடனே வரும் கேள்வி, “ஒரு சின்னக் காக் வைத்துவிட்டால் என்ன?” என்பது. கால் சுற்றுத் திருப்பும் பந்து வால்வு நல்ல பொருள்தான், வேகமாக வடியும், விலையும் குறைவு. ஆனால் அது விட்ட இடத்தில் நிற்கும். பாதி திறந்து மறந்துவிட்டால் பாதியிலேயே நிற்கும். கைப்பிடியில் கல் பட்டாலோ வேலை செய்பவர் கால் பட்டாலோ திரும்பிவிடும். வைத்தே தீர வேண்டுமென்றால் கைப்பிடிக்கு ஒரு கிளிப் பூட்டும், மூடிய நிலையில் கைப்பிடி கீழ்நோக்கித் தொங்கும் அமைப்பும் கட்டாயம். மற்றபடி, வருடத்துக்கு ஒரு முறை மட்டும் திறக்கும் வண்டிக்கு வால்வே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. நல்ல டிரெய்ன் பிளக்கும் ஒரு செம்பு வாஷரும் போதும். இல்லாத ஸ்பிரிங் உடையாது. வாஷரை மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள், அல்லது பழையதைச் சிவக்கக் காய்ச்சி ஆற்றி மெதுவாக்கிக்கொள்ளுங்கள். ஒரு முறை நசுங்கிய செம்பு இறுகிப்போயிருக்கும்.

எலிமென்டே அடைப்பானாக

உள்ளுக்குள்ளேயே சம்புக்கு வடியும் வகையில் ஓர் அழகான தந்திரம் உண்டு. ஃபில்டர் எலிமென்டின் அடியில் ரப்பர் வளையம் வைத்த ஒரு மூக்கு இருக்கும். எலிமென்ட் உட்கார்ந்திருக்கும்போது அந்த மூக்கு வடிகால் துளையை அடைத்திருக்கும். மூடியைத் திருகித் திறக்கும்போது எலிமென்ட் மேலே எழும், மூக்கு விலகும், மூடி கைக்கு வருவதற்குள் எண்ணெய் சம்புக்கு இறங்கியிருக்கும். தனியாகக் கருவி வேண்டாம், ஆள் நினைவு வைத்துக்கொள்ளவும் வேண்டாம். ஃபில்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் சீலும் புதிதாகிவிடுகிறது.

இதன் பலவீனமும் இங்கேதான். விலை குறைவு என்று கடையில் வாங்கிய மாற்று எலிமென்டில் அந்த மூக்கு இல்லாவிட்டாலோ, ஒரு மில்லிமீட்டர் குட்டையாக இருந்தாலோ, துளை எப்போதும் திறந்தே இருக்கும். மேலே சொன்ன “லைட் எரியுது” கதை அப்படித்தான் தொடங்குகிறது. மூக்கில்லாத எலிமென்ட் போட்டால் மூடியே முழுதாக இறங்காதபடி செய்வது இதைவிட நேர்மையான வழி என்று நினைக்கிறேன். தவறு அசெம்பிளி செய்யும்போதே கையில் தட்டுப்படும்.

ரப்பர், மரை, அரிப்பு

கடையில் ஓ-ரிங் என்று கேட்டால் கிடைப்பதெல்லாம் ஒன்றல்ல. இன்ஜின் ஆயில் சாதாரணமாக 90 முதல் 110 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும், சுமை இழுக்கும்போது 130-ஐயும் தொடும். நைட்ரைல் ரப்பர் எண்ணெய்க்கு நல்லதுதான், ஆனால் 100 டிகிரிக்கு மேல் தொடர்ந்து கிடந்தால் கட்டை தட்டிப்போகும். விட்டான் என்று கடைக்காரர்கள் சொல்லும் ஃப்ளூரோ ரப்பர் 200 டிகிரி வரை தாங்கும். விலை பல மடங்கு, ஆனால் ஒரு வால்வுக்கு வேண்டியது ஒரு வளையம்தான். இங்கே கஞ்சத்தனம் கூடாது. பிரேக் சிஸ்டத்திலும் கூலன்ட் ஹோஸிலும் வரும் ஈபிடிஎம் ரப்பரை மட்டும் மறந்தும் போடாதீர்கள். மினரல் ஆயிலில் அது ஊறி உப்பி, பள்ளத்தை விட்டு வெளியே வந்துவிடும். பார்க்க எல்லாம் கறுப்பாகவே இருக்கும் என்பதால் டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்து வாங்க வேண்டும்.

வளையத்தை எவ்வளவு நசுக்குவது? தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு. 2.5 மில்லிமீட்டர் ஓ-ரிங்குக்கு அரை மில்லிமீட்டர். குறைந்தால் அடைக்காது. அதிகமானால் சூட்டில் நசுங்கிய வடிவத்தையே நிரந்தரமாக எடுத்துக்கொண்டு திரும்பி எழாது. பள்ளத்தில் கொஞ்சம் காலி இடமும் விடுங்கள், சூட்டில் ரப்பர் உலோகத்தைவிடப் பல மடங்கு விரியும். பாப்பெட்டில் வளையத்தைச் சும்மா பள்ளத்தில் போட்டால், திறக்கும்போது ஓட்டத்தில் கழன்று வரலாம். வாய் குறுகி அடி அகன்ற பள்ளம் வெட்டலாம், அல்லது உலோகத்தோடு சேர்த்தே வார்த்த ரப்பர் முகமாக வாங்கலாம்.

மரை விஷயத்தில் ஒரே ஒரு கண்டிப்பு. தண்ணீர்க் குழாய் வேலைக்குப் போடுகிற கூம்பு மரையை அலுமினிய வார்ப்பில் வெட்டாதீர்கள். அது ஆப்பு இறக்குவது போலத்தான் இறுகும், ஹவுசிங்கைப் பிளந்துவிடும். கூடவே டெஃப்லான் டேப்பைச் சுற்றினால், அதன் துணுக்கு எண்ணெய் வழியில் போய் எந்தச் சின்னத் துளையில் அடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. நேர் மரை வெட்டி, அடைக்கும் வேலையை முகத்திலிருக்கும் ஓ-ரிங்குக்கோ வாஷருக்கோ கொடுங்கள். மரை பிடித்துக்கொள்ள மட்டும்தான். எஃகில் விட்டத்தின் அளவு ஆழம் பிடித்தால் போதும், அலுமினியத்தில் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வேண்டும். அடிக்கடி கழற்றும் இடமென்றால் எஃகுச் சுருள் இன்செர்ட் ஒன்றை முதலிலேயே போட்டுவிடுவது நல்லது. வடிகாலை வெளியிலிருந்து மூடும் திருகு மூடியின் தலையைச் சின்னதாக வைத்தால் நீளமான ஸ்பேனரை மாட்டி மிதிக்க ஆளுக்குத் தோன்றாது.

காரைக்குடியில் உட்கார்ந்து உலோக அரிப்பைப் பற்றிப் பேசாமல் விட்டால் சிக்ரிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1948-இல் அடிக்கல் நாட்டி 1953-இல் திறந்த அந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் முக்கியப் பாடங்களில் ஒன்றே அதுதான். அலுமினிய ஹவுசிங்கில் பித்தளை வால்வைத் திருகினால் இரண்டு வெவ்வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றன. உட்புறம் எண்ணெய், மின்சாரம் கடத்தாது, கவலையில்லை. வெளிப்புறம் மழைச்சேறு ஒட்டிக்கொண்டு ஈரம் நின்றால், அலுமினியம்தான் கரையும். தொண்டிப் பக்கம் கடற்கரைச் சாலையில் ஓடும் வண்டி என்றால் உப்பும் சேர்ந்து இன்னும் வேகமாக. துத்தநாகப் பூச்சு உள்ள எஃகு, அல்லது அலுமினியத்திலேயே செய்து மேற்பரப்பைக் கெட்டியாக்கிய வால்வு இரண்டுமே பித்தளையைவிட இங்கே பொருந்தும்.

அழுக்கு வந்து சேரும் இடம்

வடிகால் துளை எங்கே இருக்கிறது? ஹவுசிங்கின் அடியில், அழுக்கு எண்ணெய் பக்கத்தில். கரி, உலோகத் துகள், பழைய கேஸ்கெட் துணுக்கு எல்லாம் வந்து இறங்குவது அங்கேதான். பாப்பெட் அமரும் இருக்கையில் ஒரு பொடி மாட்டினால் போதும், மூடாது. கண்மாய்த் தண்ணீரைத் திறந்துவிடப் பாண்டிய நாட்டில் கட்டிய குமிழித் தூம்புகளில் தண்ணீர் எடுக்க மேலே நீரோடித் துளையும், வண்டல் போக அடியில் சேறோடித் துளையும் தனித்தனியாக வைத்தார்கள். நம்மிடம் இருப்பது ஒரே துளை, இரண்டு வேலையையும் அதுவே பார்க்க வேண்டும்.

அதனால்தான் உலோகத்தின் மேல் உலோகம் அமரும் வால்வைவிட ரப்பர் முகம் இங்கே பொருத்தம். சின்னப் பொடியை ரப்பர் தனக்குள் அமுக்கிக்கொண்டு சுற்றிலும் அடைத்துவிடும். இருக்கையைத் தட்டையாக அகலமாக வைக்காமல், குறுகலான விளிம்பாக வையுங்கள், பொடி தங்க இடம் இருக்காது. ஹவுசிங்கின் அடியும் துளையை நோக்கிச் சரிந்திருக்கட்டும். துளையை 5 மில்லிமீட்டர் உயர்த்தி வைத்தால் வண்டல் வராது என்று சிலர் சொல்வார்கள். வராதுதான், ஆனால் வடிக்க வேண்டிய அழுக்கே உள்ளே தங்கிவிடுகிறதே. வால்வு திறந்திருக்கும்போதே மேலிருந்து கொஞ்சம் புது எண்ணெயை ஊற்றி இருக்கையைக் கழுவிவிட்டு மூடுவது நல்ல பழக்கம். மெக்கானிக்கின் பழக்கத்தை நம்பி வடிவமைக்கக் கூடாது என்பது வேறு விஷயம்.

அதனால் வெளியே இன்னொரு காவல்: ஓ-ரிங் வைத்த ஒரு திருகு மூடி. உள்ளிருக்கும் பாப்பெட் கசிந்தாலும் இந்த மூடி முழு அழுத்தத்தையும் தாங்கும்படி இருக்க வேண்டும். உமித்தூசியும் செம்மண்ணும் உள்ளே போகாமலும் அது பார்த்துக்கொள்ளும். இதில் கூடுதலாக ஒரு லாபமும் உண்டு. அடுத்த ஆயில் மாற்றத்தில் மூடியைக் கழற்றும்போது அதற்குள் எண்ணெய் சேர்ந்திருந்தால் பாப்பெட் ரப்பர் தேய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். இன்ஜின் நின்றிருக்கும் நேரத்தில், கையில் ஸ்பேனரோடு ஆள் இருக்கும்போது அது தெரியவருகிறது.

காற்றையும் மறக்க வேண்டாம். மேலே மூடி இறுகியிருக்க, அடியில் மட்டும் திறந்தால் எண்ணெய் குபுக் குபுக்கென்று தயங்கித் தயங்கித்தான் வரும். மேல் மூடியின் மரையில் நெடுக்காக ஒரு சின்னக் காடி வெட்டினால், மூடியை இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்தியதும் ஓ-ரிங் விலகி அந்தக் காடி வழியாகக் காற்று போகும். எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்கும்போதே வடிப்பது நல்லது. 15டபிள்யூ-40 எண்ணெய் 40 டிகிரியில் இருப்பதைவிட 100 டிகிரியில் ஏறக்குறைய ஏழு மடங்கு இளகலாக இருக்கும். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், கை தாங்குகிற சூடு போதும்.

சோதனை

முதல் மாதிரியை லேத்தில் கடைந்து முடித்ததும் நேராக இன்ஜினில் மாட்டிவிடாதீர்கள். பிசிறு நீக்கிக் கழுவி, ஹவுசிங்கை அடைத்து, அரை பார் காற்று ஏற்றித் தண்ணீரில் முக்குங்கள். குமிழி வந்தால் அங்கேயே நின்றுவிடலாம். இதில் தேறினால் கைப்பம்பினால் எண்ணெய் ஏற்றி 15 பார் வரை கொண்டுபோய்ப் பத்து நிமிடம் வையுங்கள். இந்த அழுத்தத்தைக் காற்றில் ஏற்றக் கூடாது. அமுங்கிய காற்று வெடிக்கும், எண்ணெய் வெடிக்காது, சொட்டும். பாப்பெட்டைத் தனியாகவும், வெளி மூடியைத் தனியாகவும் சோதிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சோதித்தால் எது பிடித்து நிற்கிறது என்று தெரியாது.

அடுத்தது சூடு. 120 டிகிரி எண்ணெயில் ஓர் இரவு முழுக்கக் கிடந்த வால்வை ஆறவிட்டு மறுபடி குமிழிச் சோதனை செய்யுங்கள். கடையில் தவறான ரப்பர் கொடுத்திருந்தால் பெரும்பாலும் இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும். கடைசியாக, கொஞ்சம் நைஸான இரும்புப் பொடியை எண்ணெயில் கலந்து, நூறு முறை திறந்து மூடிப் பாருங்கள். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டும் ஒரு முறை 5 பார் ஏற்றிப் பாருங்கள். அப்போதும் சொட்டவில்லை என்றால் இன்ஜினில் மாட்டலாம். வடித்த எண்ணெயைக் கேனில் சேர்த்துப் பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுங்கள், ஊருணிக்குப் போகும் வாய்க்காலில் ஊற்றாதீர்கள்.